முப்பத்தைந்தாம் படி

மேப்பில் எதைப் போட்டாலும், போட்ட வரிசையிலேயே திரும்பி வரும் என்று நம்பியவன் நான். சும்மா நம்பவில்லை, ஊருக்கே பாடம் எடுத்து நம்பினேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளை உட்கார வைத்து, வெள்ளைப் பலகையில் மூன்று கட்டம் வரைந்து, "ஒண்ணைப் போட்டா ஒண்ணு வரும், ரெண்டைப் போட்டா ரெண்டு வரும், இதுக்குப் போயி எதுக்குப் புஸ்தகம்?" என்று சொல்லி மார்க்கர் பேனாவை மூடி வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாடிக்கையாளர்களை ஆண்டவன் காப்பாற்றட்டும்.

இந்த வருடம் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் "ஓய்வு பெற்றேன்" என்று எழுதினால் அது பொய். கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். கேன்டீனில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் என் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. கம்பெனி என்னைப் பற்றி வைத்திருந்த தகவல் எல்லாமே அந்த லட்சணத்தில்தான் இருந்தது என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

கேக் தட்டுடன் தீப்தி வந்தாள். அணியிலேயே இளையவள். அப்பாவுக்கு மதுரைப் பக்கம், இவள் பிறந்து வளர்ந்தது குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனி. தமிழ் நன்றாகப் புரியும், வாயைத் திறந்தால் தெலுங்குதான் முதலில் வரும்.

"அங்கிள், மேப் கோசம் மீரு ஃபேக்டரீலோ தர்ணா சேசாரண்ட்ட கதா?"

ஒரு மேப்புக்காக நான் தொழிற்சாலைக்குள் தர்ணா செய்தேனாமே என்று கேட்கிறாள். தர்ணா இல்லையம்மா, நாற்காலியில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் என்றேன்.

"ஒரு மேப்புக்கா? இப்ப அதெல்லாம் மெஷினே எழுதிடுது அங்கிள். எது முன்னாடி வருது, எது பின்னாடி வருதுன்னு யார் பாக்கறாங்க?"

யார் பார்க்கிறார்கள் என்று அங்கேயே சொல்லியிருப்பேன். வாய் நிறைய கேக். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சங்கரன்கோவில்காரன். வேதியியலில் பட்டம் வாங்கினேன். அதை வைத்து ஊரில் கொசு மருந்துகூட விற்க முடியாது என்று தெரிந்ததும் ரயிலேறித் தெலுங்கு நாட்டுக்கு, அமீர்பேட்டைக்கு வந்தேன். ஒவ்வொரு மாடிப்படிக்கும் ஒரு கோச்சிங் சென்டர் இருந்த தெரு அது. ஏதோ ஒரு மாடிப்படியில் ஏறினேன், ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொடுத்தார்கள். பக்கத்துப் படியில் ஏறியிருந்தால் வேறு ஏதாவது கற்றுக்கொண்டு வேறு எதிலாவது தப்புச் செய்திருப்பேன்.

மேப் என்றால் என்ன என்பதை, கம்ப்யூட்டரைத் தொடாதவர்களுக்கும் புரிகிற மாதிரி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மௌலா அலி மலைமேல் தர்கா இருக்கிறது. படியேறும் முன் செருப்பை விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவார்கள். டோக்கனைக் காட்டினால் உங்கள் செருப்பு வரும். டோக்கன்தான் கீ, செருப்புதான் வேல்யூ. ஒரு கீக்கு ஒரு வேல்யூ, கேட்ட மாத்திரத்தில் கையில். அதுதான் மேப்.

செருப்பைப் பார்த்துக்கொள்பவர் அவ்வளவு வேகமாக எப்படி எடுக்கிறார்? அவரிடம் பதினாறு பொந்துள்ள ஒரு மர ரேக் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொந்துகளின் எண் சுழியத்தில் தொடங்கிப் பதினைந்து வரை. டோக்கன் பத்தா? பத்தாம் பொந்து. டோக்கன் இருபதா? பதினாறைத் தாண்டிவிட்டது, பதினாறைக் கழித்தால் நாலு, ஆகவே நாலாம் பொந்து. இன்னும் பெரிய எண் என்றால், பதினாறுக்குக் கீழே வரும்வரை பதினாறு பதினாறாகக் கழிக்க வேண்டும். தேடவே வேண்டாம், கை நேராக அங்கே போகும். இந்த ரேக்குக்கு ஹேஷ்மேப் என்று பெயர்.

இப்போது அவரிடம் போய், "எல்லாச் செருப்பையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். யார் முதலில் வந்தார், யார் கடைசியில் வந்தார் என்பதெல்லாம் அவருக்குக் கவலையே இல்லை. ரேக்கின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பொந்து பொந்தாக எடுத்துப் போடுவார். நாலாம் பொந்தில் இருக்கும் இருபதாம் டோக்கன் முதலில் வரும். பத்தாம் டோக்கன்காரர் காத்திருக்க வேண்டியதுதான்.

இது எனக்குத் தெரியாது. நான் ரேக்கைப் பார்த்ததே இல்லை. டோக்கனைக் கொடுத்தேன், செருப்பு வந்தது, போய்க்கொண்டே இருந்தேன்.

எனக்கு மேலே இருந்தவர் பிலோமினா மேடம். தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்கு வந்து ரயில்வே காலனியிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். தமிழ்தான் பேசுவார், ஆனால் நடுநடுவே ஏனுக்குக் "கைக்கு", வேண்டாமுக்கு "நக்கோ", ஆமாவுக்கு "ஹவ்" என்று தக்காணி உருது கடலைப்பருப்பு மாதிரி பல்லில் சிக்கும்.

கடலை என்றதும்தான் நினைவு வருகிறது. மேடம் நாங்கள் எழுதும் புரோகிராமை எந்தத் திரையிலும் பார்க்க மாட்டார். காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். மேசையில் ஒரு டப்பா நிறைய வேகவைத்த வேர்க்கடலை இருக்கும். ஒரு வரி படிப்பார், ஒரு கடலையை உரித்து வாயில் போடுவார். அடுத்த வரி, அடுத்த கடலை. எதிரே நாம் நின்றுகொண்டிருப்போம், நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காரத் தோன்றாது. கடலை போய்க்கொண்டே இருந்தால் நாம் பிழைத்தோம். பாதி உரித்த கடலை அப்படியே விரலில் நின்றால், அந்த வரியில் நம் கதை முடிந்தது. "தப்பு" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"எங்க எழுதியிருக்கு?"

சம்பளத்துக்கும் பதவிக்கும் பயப்படாத ஆட்கள் இந்தக் கேள்விக்குப் பயந்து வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்போது அந்த வேலைக்கு வருகிறேன். நாச்சாரத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலை. பேட்டரிக்கு ஊற்றும் அமிலம் தயாரிப்பவர்கள். கெட்டியான கந்தக அமிலத்தை வாங்கித் தண்ணீரில் கலந்து நீர்க்கச் செய்து கேனில் அடைப்பார்கள். நான் வேதியியல்காரன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. கல்லூரி லேபில் முதல் நாளே மிரட்டிச் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அதுவும் மெதுவாக. அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் அது கொதித்து மூஞ்சியில் தெறிக்கும். கண் போய்விடும்.

தொட்டி அருகே ஒரு தொடுதிரை. அதில் ஒவ்வொரு படியாக வரும். இயக்குபவர் அதைச் செய்துவிட்டு "முடிந்தது" என்று அழுத்தினால் அடுத்த படி வரும். எந்தப் படி திரையில் இருக்கிறதோ, அந்தப் படிக்குரிய வால்வின் பூட்டு மட்டும்தான் திறக்கும். மற்ற வால்வுகளை யாரும் அசைக்க முடியாது. ஆள் மறந்துபோய் ஏடாகூடமாக எதையாவது திறந்துவிடக் கூடாது என்பதற்காக வாடிக்கையாளர் கேட்டு வாங்கிய ஏற்பாடு. நானே பெருமையாக எழுதிக் கொடுத்தேன். படி எண்தான் கீ, செய்ய வேண்டிய வேலைதான் வேல்யூ. எல்லாவற்றையும் ஒரு ஹேஷ்மேப்பில் போட்டேன். சோதனைக்கு ஒன்று முதல் ஏழு வரை எண் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாக வந்தது. ஏன் வராது? பதினாறு பொந்துள்ள ரேக்கில் ஒன்று ஒன்றாம் பொந்தில், இரண்டு இரண்டாம் பொந்தில். ரேக்கே எனக்காகப் பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

மேடத்திடம் காகிதத்தைக் கொடுத்தேன். கடலை போனது, போனது, நின்றது.

"இந்தப் படியெல்லாம் வரிசையா வரும்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதணுமா மேடம்? வருதே. ஓட்டிக் காட்டட்டா?"

"வர்றதை நானும் பாத்தேன். எங்க எழுதியிருக்குன்னு கேட்டேன்."

"எத்தனை தடவை வேணா ஓட்டுறேன் மேடம், மாறவே மாறாது."

"நக்கோ. எங்க வீட்டு கேட்டு முன்னாடி தினம் ஒரு ஆட்டோ நிக்குது. நாளைக்கும் நிப்பேன்னு அவன் எனக்கு எழுதிக் குடுத்தானா?"

எனக்குக் கோபம். புத்தகத்தை எடுத்து வந்து மேசைமேல் போட்டு, "இந்தாங்க, படிங்க" என்று சொல்ல வேண்டும் என்று கிளம்பினேன். ஜாவாவின் ஆவணத்தைத் திறந்தேன். ஹேஷ்மேப் பக்கம். வரிசை பற்றி எந்த உத்தரவாதமும் கிடையாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதுவும் போதாதென்று, இன்றைக்கு இருக்கிற வரிசை நாளைக்கும் இருக்கும் என்றுகூட நம்பாதே என்று கூடுதலாக ஒரு குத்து.

திரும்பி வந்தபோது என் கையில் புத்தகம் இல்லை. முகத்தைப் பார்த்தே மேடம் புரிந்துகொண்டார். தொழிற்சாலைக்காரர்கள் அனுப்பிய படிகளின் அட்டையை என் பக்கம் தள்ளினார்.

"உங்க நம்பரை விடுங்க. அவங்க நம்பரைப் போட்டு ஓட்டுங்க."

தொழிற்சாலையில் யாரும் ஒன்று, இரண்டு என்று எண் போடுவதில்லை. பத்து, இருபது, முப்பது என்றுதான் போடுவார்கள். பின்னால் நடுவே ஒரு படியைச் செருக வேண்டி வந்தால், மற்றதையெல்லாம் அழித்து எழுதாமல் இருக்க இடைவெளி விட்டுவைப்பது வழக்கம். அட்டையில் பத்து: தண்ணீரை நிரப்பு. இருபது: கலக்கியை ஓட்டு. முப்பது: புகையை இழுக்கும் விசிறியைப் போடு. நாற்பது: அமில வால்வைத் திற. ஐம்பது: சூட்டைப் பார். அறுபது: அடர்த்தியைப் பார். எழுபது: அடிவால்வைத் திறந்து கேனில் பிடி.

அந்த எண்களைப் போட்டு ஓட்டினேன். என் அருமை புரோகிராம் சொன்ன செய்முறை இதுதான்:

முதலில் ஐம்பது. காலித் தொட்டியின் சூட்டைப் பார்க்க வேண்டும். அப்புறம் இருபது. காலித் தொட்டியில் கலக்கியை ஓட்ட வேண்டும். அடுத்து எழுபது, அடிவால்வைத் திறந்துவிட வேண்டும். அடுத்தது நாற்பது, மேலிருந்து அமிலத்தை ஊற்ற வேண்டும், அது திறந்திருக்கும் அடிவால்வு வழியாக நேராகத் தரைக்கு வரும். அதன் தலையில், பத்து, தண்ணீரை நிரப்ப வேண்டும். கொதிப்பதை நின்று பார்த்துவிட்டு, அறுபது, அடர்த்தியை அளக்க வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு, முப்பது, மரியாதைக்காக விசிறியைப் போட வேண்டும்.

நான் சிரித்தேன். உண்மையிலேயே சத்தமாகச் சிரித்தேன். பிறகு எப்போதும் உட்காராத அந்தக் காலி நாற்காலியில் அனுமதி கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன். மேடம் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். ஒரு கடலையைத் தோலோடு மென்றேன்.

பயந்தவனுக்கு வேகம் அதிகம். அன்று மதியமே ஹேஷ்மேப்பை எடுத்துவிட்டு லிங்க்டு ஹேஷ்மேப் என்று ஒன்றைப் போட்டேன். அதே ரேக்தான், ஆனால் செருப்புகளை வந்த வரிசைப்படி ஒரு கயிற்றில் கோத்தும் வைத்திருக்கும். போட்ட வரிசையில் வரும், அது எழுதியே இருக்கிறது. ஓட்டினேன். பத்து, இருபது, முப்பது, எழுபது வரை சொக்கத் தங்கம். மேடமும் படித்தார், கடலை நிற்கவில்லை. உலகத்தைக் காப்பாற்றிய மிதப்பில் வீட்டுக்குப் போய் மனைவி சண்முகவடிவிடம் முழுக்கதையையும் சொன்னேன். "அப்ப நீங்க மொதல்ல எழுதுனது தப்பு, இப்ப எழுதுனது சரி. இதுல பெருமைப்பட என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

திரையைத் தொடங்கி வைக்கும் நாள் வந்தது. நாச்சாரம் தொழிற்சாலைக்கு நான் மட்டும் போனேன். எங்கள் டெலிவரி மேனேஜர் ஹரீஷ் ஹைடெக் சிட்டி ஆபீஸிலிருந்து ஃபோனில் இருந்தான். சென்னைப் பையன், என்னைவிட வயதில் சிறியவன், பதவியில் பெரியவன். முதலாளி புதுத் திரைக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார். கீழே எலுமிச்சம்பழம், தேங்காய். முகூர்த்த நேரம் குறித்திருந்தார்கள். அந்த நேரத்துக்கு நான் "தொடங்கு" என்று அழுத்த வேண்டும். தொட்டி அருகே மேடைமேல் யாதகிரி நின்றுகொண்டிருந்தார். தொட்டியை இயக்குபவர், ரப்பர் ஏப்ரன், கையுறை, ஃபோட்டோ எடுப்பார்கள் என்பதால் தலை வாரி பவுடர் போட்டிருந்தார். வெயில் நேரம் என்று எல்லோருக்கும் பெரிய பெரிய டம்ளரில் மோர் கொடுத்தார்கள். நான் இரண்டு குடித்தேன். அந்த இரண்டு டம்ளரை மறந்துவிடாதீர்கள்.

தேங்காய் உடைத்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்தேன். விரலை நீட்டினேன். படிப் பட்டியல் திரையில் இருந்தது. பத்து, இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது. அதற்குக் கீழே, மாலையின் ஒரு சாமந்தி மறைத்துக்கொண்டிருந்த இடத்தில், இன்னொரு வரி.

பூவை ஒதுக்கினேன். முப்பத்தைந்து: குளிர்நீர் வால்வைத் திற.

"இது எப்ப வந்துச்சு?" என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "போன வாரம் தொட்டி ரொம்பச் சூடாயிடுச்சு சார். அதான், அமிலம் விடறதுக்கு முன்னாடியே தொட்டியைச் சுத்திக் குளிர்நீர் ஓடணும்னு சேர்த்தோம். முப்பதுக்கும் நாப்பதுக்கும் நடுவுல."

நடுவில்தான். அவர் மனதில் நடுவில். திரை தன் படிகளை எடுக்கும் கோப்பில், எல்லோரும் செய்வதைப் போல, கடைசி வரிக்குக் கீழே தட்டச்சு செய்து சேமித்திருந்தார்கள். எண்தான் முப்பத்தைந்து என்று இருக்கிறதே, அது தன் இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். அதற்காகத்தானே பத்துப் பத்தாக எண் போடுவது? என் கயிறோ போட்ட வரிசையில் கோத்து வைத்திருந்தது. கடைசியாகப் போட்டதைக் கடைசியில் கொடுத்தது. எழுதியிருந்தபடியே நடந்துகொண்டது. நான்தான் தப்பான வாக்குறுதியைப் போய் வாங்கி வந்திருந்தேன்.

அமிலம் நாற்பதில். குளிர்நீர் எழுபதுக்கும் பிறகு. அதுவரை அந்த வால்வு பூட்டியிருக்கும். யாதகிரி நினைத்தாலும் திறக்க முடியாது, ஏனென்றால் பூட்டியது நான்.

"சார், என்ன ஆச்சு? டைம் ஆகுது, அமுக்குங்க" என்றான் ஃபோனில் ஹரீஷ்.

சொன்னேன்.

"சரி, சிம்பிள் சார். அந்த ஒரு வரியை மேல தூக்கிப் போட்டுட்டு அமுக்குங்க. முடிஞ்சுது மேட்டர்."

"இன்னைக்கு முடிஞ்சுரும். நாளைக்கு இவங்க நாப்பத்தஞ்சு சேப்பாங்க, அதையும் கீழதான் அடிப்பாங்க. அப்ப நான் இங்க இருக்க மாட்டேன் ஹரீஷ்."

"அப்போ ஆபரேட்டர் பாத்துக்குவார் சார். எத்தனை வருஷமா பண்றார், அவருக்குத் தெரியாதா?"

"வால்வு பூட்டியிருக்கு. அவருக்குத் தெரிஞ்சு என்ன பண்ண?"

"ஐயோ சார், சீன் போடாதீங்க. ஒரு பேட்ச்சுல என்ன சூடாயிடப் போகுது?"

"சூடாகாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

என் வாயிலிருந்து வந்தது மேடத்தின் குரல். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"இன்னைக்கு கோ-லைவ் ஆகலைன்னா உங்க ரேட்டிங்குக்கு நான் பொறுப்பு இல்ல, சொல்லிட்டேன்."

"என் ரேட்டிங்கைப் பாத்து அமிலம் கொதிக்காம இருக்குமா? நான் அமுக்க மாட்டேன். எந்திரிக்கவும் மாட்டேன்."

எவ்வளவு கம்பீரமான வசனம்! அந்த நேரத்தில் என் உடம்பு என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஆபீஸிலிருந்து யாரும் தொடங்கிவிடக் கூடாதே என்று நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் திணித்திருந்தேன், அது பூணூல் மாதிரி குறுக்கே தொங்கியது. இங்கே யாரும் அழுத்திவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் திரையை மூடியிருந்தேன், உள்ளங்கை முழுக்க மஞ்சள். இரண்டு டம்ளர் மோரும் ஒரே நேரத்தில் வெளியே வர வழி கேட்டன. எழுந்தால் முதலாளி அழுத்திவிடுவார். எழாவிட்டால் சரித்திரம் என்னை வேறு விதமாக நினைவில் வைத்திருக்கும்.

முகூர்த்தம் போகிறதே என்று முதலாளி கையைப் பிசைந்தார். யாதகிரி மேடையிலிருந்து எட்டிப் பார்த்து, "கியா சார், சிஸ்டம் கராப்?" என்றார், கெட்டுவிட்டதா என்று.

திரையிலிருந்து கையை எடுக்காமலே, விரல் இடுக்கு வழியாகப் படிகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அமிலம், சூடு, அடர்த்தி, கேன், அதற்கு அப்புறம் குளிர்நீர்.

"டண்டா பானி ஆக்ரி மே?" என்றார். குளிர்ந்த தண்ணீர் கடைசியிலா என்று. ஒரு நிமிடம் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொங்கிய கேபிளைப் பார்த்தார். "ஹமாரேகு மார்னே கா பிளான் ஹை கியா? நக்கோ சார், நக்கோ." நம்மைக் கொல்லத் திட்டமா என்று கேட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

முதலாளி உடைத்த தேங்காயை எடுத்து ஓரமாக வைத்தார். ஹரீஷ்தான் விடவில்லை. கடைசியில், "இருங்க, மேடத்தை லைன்ல எடுக்கறேன், அவங்க சொன்னாவாவது கேளுங்க" என்றான்.

மேடம் வந்தார். மறுபடியும் முழுவதையும் சொன்னேன். நான் போட்ட கயிற்றை அவரும்தானே படித்துப் பார்த்துச் சரி என்றார்.

"நானும் கேக்கலை," என்றார். "போட்ட வரிசைன்னா யார் போட்ட வரிசைன்னு நானும் கேக்கலை." பிறகு, "நீங்க எந்திரிக்க நக்கோ."

"மேடம்…"

"கைக்கு இழுக்கறீங்க? சொல்லுங்க."

"ரெண்டு டம்ளர் மோர் குடிச்சிட்டேன் மேடம்."

கடலை உடையும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"சிஸ்டத்துல இருந்து லாக் அவுட் பண்ணீங்களா?"

செய்யவில்லை. இத்தனை வருட அனுபவம், கேபிள், மஞ்சள் கை, வீர வசனம், எல்லாம் இருந்தது. மூலையில் இருக்கிற அந்தச் சின்னப் பொத்தானை அழுத்தினால் என்னைத் தவிர யாரும் தொடங்க முடியாது என்பது மட்டும் தோன்றவே இல்லை. அழுத்தினேன். பாத்ரூம் எங்கே என்று நான் கேட்காமலே யாதகிரி கை காட்டினார்.

அடுத்த நாள் ஹரீஷிடமிருந்து மெயில். வாடிக்கையாளர் முன்னிலையில் நான் நடந்துகொண்ட விதத்துக்கு எழுத்து மூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டுமாம். ஒரே வரியில் பதில் போட்டேன்: "முப்பத்தைந்தாம் படி எங்கே வரும் என்று தாங்கள் எழுதி அனுப்பினால், என் வருத்தத்தை அதற்குக் கீழே சேர்க்கிறேன்." பதில் வரவில்லை. வருத்தத்தை நானும் அனுப்பவில்லை. இன்று வரைக்கும் அனுப்பவில்லை, இனி அனுப்பப் போவதும் இல்லை. அந்த வருடம் எனக்குக் கிடைத்த ரேட்டிங்கைப் பார்த்த சண்முகவடிவு, "ஆபீஸ்லயும் உக்காந்துதான இருக்கிய? அங்க போயும் உக்காந்துதான இருந்திய? அதுக்குப் போயி தண்டனையாக்கும்?" என்றாள். அவளுக்கு இன்றுவரை அது புரியவில்லை. எனக்கும்தான்.

தீப்தி, உன் மெஷின் எழுதட்டும். நன்றாகவே எழுதும், என்னைவிட நன்றாக எழுதும், மோரும் குடிக்காது. ஆனால் அது எழுதித் தருகிற மேப் எந்த வரிசையில் கொடுக்கும், அந்த வரிசை யார் மனதில் இருக்கிற வரிசை என்று நீ ஒரு தடவை கேள். உனக்கு வேலை போனாலும் கேள். எனக்குப் போய்விட்டது, பரவாயில்லை, நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி, நடந்ததில் மிச்சம். அன்று திரையை அணைத்தோம். பூட்டுகள் திறந்துகொள்ள அவற்றுக்குப் போகும் மின்சாரத்தை எடுத்துவிட்டு, யாதகிரி சுவரில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்துக் கையாலேயே கலந்தார். தண்ணீர், கலக்கி, விசிறி, குளிர்நீர், பிறகு அமிலம். தொட்டி சூடாகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆபீஸுக்கு வந்து, லிங்க்டு ஹேஷ்மேப் என்று இருந்த இடத்தில் ட்ரீமேப் என்று மாற்றினேன். யார் எப்போது எங்கே சேர்த்தாலும் அது கீயின் எண்படிதான் கொடுக்கும், அப்படித்தான் எழுதியிருக்கிறது. முப்பத்தைந்து முப்பதுக்குப் பின்னும் நாற்பதுக்கு முன்னும் வந்தது.